என் காரை நானே திருப்பி அனுப்பிய காலை

சாக்கை விரித்தவர் மீராலெப்பை ஹாஜியார். அவருடைய அரிசி ஆலை, அவருடைய சீமெந்துத் தளம், அவருடைய சாக்கு. என் காரின் இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை இரண்டு தரம் உதறிப் போட்டார். உமித்தூள் எழும்பி என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

“படுங்க எக்ஸாமினர் சேர்,” என்றார். “சேட்டு ஊத்தையாகாது.”

கையில் படிவம், சட்டைப் பையில் சிறிய டோர்ச், அறுபத்தேழு வயது முழங்கால். சுற்றிலும் பத்துக் கார்களின் சொந்தக்காரர்கள் தேநீர்க் கோப்பைகளோடு நின்றார்கள். அவர்களுடைய கார்களை எல்லாம் அன்று காலை நான் பரிசோதித்து முடித்திருந்தேன். மிச்சம் ஒரேயொரு கார். அது என்னுடையது.

போன கிழமை இந்தப் பக்கத்தில் என் உத்தியோக காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: “நீங்க ஒருத்தரையும் விட்டு வைக்கல்ல சேர், ஒங்களத் தவிர.” இந்தக் கிழமை அவருக்காக.

ஒரு நிமிடப் போட்டி

பிரதீபன் நீர்ப்பாசனப் பொறியியலாளர். பெரியநீலாவணைக்காரர். மதகுகளைத் திறந்து மூடுகிற வேலையில் மிஞ்சுகிற பொறுமையை எல்லாம் பழைய கார்களில் செலவழிக்கிறவர். கொழும்பில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, எங்கள் கரையிலும் ஓட்டோகுரோஸ் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது பந்தயம் அல்ல. ஒரு திறந்த இடத்தில் அடையாளங்களை வைத்து, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து ஒவ்வொரு காராக ஓடவேண்டும். சுமார் ஒரு நிமிடம். மற்றக் காரோடு முட்டுப்பட வழியில்லை. கடிகாரத்தோடுதான் சண்டை. அடையாளத்தைத் தட்டினால் நேரத்தில் இரண்டு விநாடி கூட்டுவார்கள். வீட்டிலிருந்து வந்த காரிலேயே ஓடி, அதே காரில் வீட்டுக்குப் போகலாம். பிரதீபன் அடையாளத்துக்கு மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகளை வைத்தார்.

இடம்தான் கிடைக்கவில்லை. கடற்கரையில் மணல், வீதியில் பொலிஸ், பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட். கடைசியில் நற்பிட்டிமுனைக்கு அங்கால் உள்ள மீராலெப்பை ஹாஜியாரின் ஆலைத் தளம் அகப்பட்டது. பெரும்போக நெல் காய்ந்து உள்ளே போனபிறகு இரண்டு கிழமைக்கு அந்தத் தளம் சும்மாதான் கிடக்கும். இரண்டு ஏக்கர் சீமெந்து. ஹாஜியார் உடனே சம்மதித்தார். நானும் ஓடப்போகிறேன் என்று கேள்விப்பட்டுத்தான் சம்மதித்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்தவன் நான். ஒரு அறுவடை நாளில் ஹாஜியாரின் லொறி என்னிடம் வந்தது. வெளியே நின்று பார்த்தால் டயர் நல்ல டயர். நான் சாரதியைக் கொண்டு சக்கரத்தைக் கழற்றுவித்து உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. லொறியைத் திருப்பி அனுப்பினேன். அன்று பின்னேரம் மழை. ஏற்ற லொறி இல்லாமல் வயலில் கிடந்த நெல் நனைந்து முளைத்தது. அதற்குப் பிறகு ஹாஜியார் எனக்கு ஸலாம் சொல்லத் தவறியதே இல்லை. ஆனால் அதோடு வேறொரு வார்த்தை சேர்த்ததும் இல்லை.

கட்டிலுக்குக் கீழே நாலு பேர்

என் கார் இரண்டு இருக்கை உள்ள, கூரை திறக்கிற, பழைய இங்கிலாந்து விளையாட்டுக் கார். நிறம் மங்கிப்போன செங்கல். ஓய்வுபெற்ற வருடம் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவின் கோழிக்கூட்டிலிருந்து அதை மீட்டு வந்தேன். கோழிகளுக்குத்தான் வருத்தம்.

காரைத் திருத்துவது சுலபம். எதையும் கடைந்து செய்யலாம், ஒட்டலாம், கல்முனையில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். டயரைக் கடைய முடியாது. பதினாலு அங்குலச் சக்கரம், ஒடுங்கிய விளிம்பு, இந்தக் காலத்துக் கார்களுக்கு வராத அளவு.

இறக்குமதி நின்றிருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றோம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் டயர் வைத்திருந்தவன் காணி வைத்திருந்தவனுக்குச் சமம். லொறிக்காரர்கள் சாமான் அறையில் டயர் பதுக்கினார்கள். ஒரு மௌலவியின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறு உழவு இயந்திர டயர்களைப் பார்த்தேன். அந்த நாட்களில்தான் கொழும்பு வியாபாரி ஒருவரிடம் என் காருக்குப் பொருந்துகிற நாலு டயர் இருக்கிறது என்று செய்தி வந்தது. போட்டிக்கென்றே செய்த மென்மையான ரப்பர். பக்கத்தில் வெள்ளை எழுத்து. கம்பனி சுற்றிய தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

வாங்கினேன். தாளைப் பிரிக்காமலே ஒவ்வொன்றையும் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தால் சுற்றி, விருந்தினர் அறைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். வெயில் படக்கூடாது, சூடு ஆகாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன்.

என் மனைவி ஹாஜறா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஒரு நாள் கட்டிலுக்குக் கீழே கூட்டப் போய், விளக்குமாற்றோடு திரும்பி வந்தாள்.

“கட்டிலுக்குக் கீழ நாலு பேர் சாரம் உடுத்துப் படுத்திரிக்காங்க,” என்றாள். “எழும்பி வாற நாள் எப்ப?”

பிரதீபன் போட்டி அறிவித்த அன்று நான் போய் அவளிடம் சொன்னேன், எழும்புகிற நாள் வந்துவிட்டது என்று.

செருப்பும் சப்பாத்தும்

கல்முனைப் பிரதான வீதியில் ஜவ்பர் டயர்க் கடை வைத்திருக்கிறார். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் என்னால் நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நேரே போன இடம் அதுதான். அந்த வகையில் அவருக்கு நான் பெரிய உபகாரம் செய்தவன். ஆனால் அவர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கிட்டத்தட்டப் பொருந்துகிற சாதாரணக் கார் டயர். அதன் பக்கச் சுவர் உயரம், மெல்லியது. வேகமாகத் திருப்பினால் சுவர் மடிந்து, கார் ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமுமாகப் போகும். இரண்டாவது, வேனுக்குப் போடுகிற டயர். அளவு பொருந்தும், கல்முனையில் எந்தக் கடையிலும் தொங்கும். சுவர் தடிப்பு, மடியாது. ஆனால் ரப்பர் கடினம். மூட்டை ஏற்றுவதற்குச் செய்தது. நிலத்தைப் பிடிப்பது அதன் வேலை அல்ல. மூன்றாவது, என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவர்கள்.

ஒரு நிமிட ஓட்டத்தில் கடினமான ரப்பர் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும் என்று ஜவ்பருக்கு விளக்கினேன். மென்மையான டயர் முதல் திருப்பத்திலேயே பிடிக்கும். என் கார் பாரம் குறைந்தது, ஆகவே தேய்மானமும் குறைவு. ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

ஜவ்பர் தாளைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்.

“சேர், இது நடக்கிற கார். செருப்புக் காணும். நீங்க ஓடுற சப்பாத்துப் போடப் பாக்கிறீங்க. டயர் நிலத்தப் பிடிச்சா மறுகா இழுபடுறது ஒங்கட பழைய பெயாரிங்தானே. வேன் டயரப் போடுங்க.”

முப்பத்தொரு வருடம் டயர் பார்த்தவன் நான் என்றேன். “ஓம், பாத்தீங்க. ஒரு நாளும் விக்கல்லயே,” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனாலும் போட்டிக்கு முதல் நாள் மென்மையான நாலையும் மாட்டச் சொன்னேன். வெள்ளை எழுத்து வெளியே தெரிய வேண்டும் என்றும் சொன்னேன். அழகுக்காக நான் கேட்ட ஒரேயொரு சலுகை அது.

நானே எழுதிய பிரிவு

பிரதீபன் எழுதிய போட்டி விதிகள் ஒரு பக்கம். டயரைப் பற்றி அதில் இருந்தது ஒரு வரி: ‘டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.’

நல்ல நிலை என்றால் என்ன? அதை யார் சொல்வது? இப்படி ஒரு வரியை நம்பித்தான் இந்த நாட்டில் பாலங்கள் விழுகின்றன. நான் தாளை வாங்கி, விதிகளைப் பதினொரு பக்கமாக்கிக் கொடுத்தேன். டயருக்கு மட்டும் நாலு உபபிரிவு. முதலாவது, ரப்பரில் வெட்டிய தவாளிப்பின் ஆழம். இரண்டாவது, ஒரே அச்சில் ஒரே வகை டயர். மூன்றாவது, தயாரித்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயர் ஏற்கப்படாது. நாலாவது, டயரில் பொறித்த திகதிக் குறியீடு தெளிவில்லாவிட்டால் பரிசோதகரின் தீர்மானமே முடிவு.

பிரதீபன் பதினொரு பக்கத்தையும் வாசித்துவிட்டு, அப்படியென்றால் பரிசோதகர் நீங்கள்தான் என்றார். தண்டனையாகச் சொன்னாரா மரியாதையாகச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்துக் கார்களைப் பார்த்தேன். ஒன்பது தேறின. பத்தாவது ஒரு சிறிய பழைய ஜப்பான் கார். அதன் சொந்தக்காரர் அன்சார் பொத்துவிலில் உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்குகிறவர். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு அப்படியே புறப்பட்டு வந்திருந்தார். ஆழம் இருந்தது, வெடிப்பு இல்லை. ஆனால் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்கள் ஏழு வருடத்தைக் காட்டின. அந்த நாலில் முதல் இரண்டும் தயாரித்த கிழமை, கடைசி இரண்டும் வருடம். அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

அவர் வாதாடவில்லை. “அப்ப நான் பாத்துக்கொண்டு இரிக்கிறன் சேர்,” என்று சொல்லி, ஆலைச் சுவரோரம் வேம்பின் நிழலில் போய் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டி வந்த சோற்றுப் பார்சலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாதாடுகிறவர்களைத் திருப்பி அனுப்புவது சுலபம். இப்படிப்பட்டவர்களை அனுப்பிவிட்டு அடுத்த காருக்குப் போவது கஷ்டம். போனேன்.

சாக்கின் மேல்

அப்போதுதான் நாற்காலியில் இருந்த ஹாஜியார் கேட்டார்: “எக்ஸாமினர் சேர், ஒங்கட காரை யார் பாக்கிற?”

நான்தான் என்றேன்.

“அப்ப பாஸ்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆழமானியை வெளியே எடுத்து நாலு டயரையும் அளந்து எழுதினேன். முதலாம் உபபிரிவு சரி, இரண்டாவது உபபிரிவு சரி. மூன்றாவதுக்கு வந்து குறியீட்டைத் தேடினேன். வெளிப்பக்கத்தில் வெள்ளை எழுத்து பளபளத்தது. திகதி இல்லை. பல டயர்களில் திகதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தது.

எப்படியும் நாலு வருடம் சில மாதம்தான் என்று மனதுக்குள் சொன்னேன். பற்றுச்சீட்டில் இருந்த திகதி எனக்கு மனப்பாடம். அதை அப்படியே படிவத்தில் எழுதியிருக்கலாம்.

“உள்பக்கம் பாக்கல்லயா?” என்றார் ஹாஜியார். குரலில் கேலி இல்லை. அதுதான் கேலி. எழுந்து போய்ச் சாக்கை எடுத்து வந்தார்.

படுத்தேன். தலையைச் சக்கரத்துக்கு உள்ளே நீட்டி டோர்ச்சை அடித்தேன். நாலு இலக்கம். ஒருமுறை வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். ஒன்பது வருடம்.

அந்த வியாபாரி என்னை ஏமாற்றவில்லை. டயர் புதியது என்றுதான் அவர் சொன்னார். பாவிக்காதது என்ற அர்த்தத்தில் அது உண்மை. நான் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது. வாங்கிய நாளிலிருந்து வயதை எண்ணியது நான். மருமகளின் வயதைக் கலியாண நாளிலிருந்து எண்ணுவதுபோல. கிடைத்ததே பெரிய காரியம் என்றிருந்த அந்தக் காலத்தில், கையில் வந்த பொருளின் தாளைப் பிரித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. தவாளிப்புக்குள் நகத்தை அழுத்தினேன். மென்மையான ரப்பர் என்று நான் சாரம் சுற்றிக் காத்தது நகத்துக்கு இறங்கவில்லை.

சாக்கில் படுத்திருந்தபடியே நாலாவது உபபிரிவு ஞாபகம் வந்தது. குறியீட்டின் மேல் உமித்தூள் படிந்திருந்தது. தெளிவில்லை என்று எழுதலாம். அதற்குப் பிறகு பரிசோதகரின் தீர்மானமே முடிவு. அந்தப் பிரிவை எழுதியவனும் நான், பரிசோதகனும் நான். ஒரு விதியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அதை எழுதியவனை விட யாருக்குத் தெரியும்? அந்த இலக்கங்களைப் பார்த்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இந்தக் காரை அந்தத் தளத்தில் ஓட்ட எனக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஏழு வருடமாக அதற்கென்றே ஆணி ஆணியாகத் திருத்தியிருந்தேன்.

காருக்குக் கீழால் பார்த்தால் மனிதர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். வேம்பின் பக்கம் ஒரு சோடி கால் நீட்டியபடி இருந்தது. பக்கத்தில் பார்சல்.

எழும்பினேன். எழும்புவதற்கு ஹாஜியார் கை தரவேண்டியிருந்தது. படிவத்தில், மூன்றாம் உபபிரிவுக்கு எதிரே, முப்பத்தொரு வருடம் எழுதிய அதே சொல்லை எழுதினேன்: நிராகரிக்கப்பட்டது. கையெழுத்து வைத்துப் பிரதீபனிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

ஹாஜியார் அவருடைய கையிலிருந்து தாளை வாங்கி, தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் நின்றேன்.

“இவ்வளவு காலமும் எனக்கு மட்டும்தான் செஞ்சீங்க என்டு நெனச்சிக்கொண்டு இரிந்தன்,” என்றார். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, தேநீர் எனக்கும் ஒன்று ஊற்றச் சொன்னார்.

லுஹருக்குப் பிறகு

திருப்பி அனுப்பப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்றும் விதிகளில் எழுதியிருந்தேன். குறையைத் தீர்த்துக்கொண்டு அன்றே மறுபரிசோதனைக்கு வரலாம். அன்று என் முன்னால் வந்தவர்கள் யாரும் அந்த வரியை வாசித்திருக்கவில்லை. நான் வாசித்தவன்.

வேம்படிக்குப் போய் அன்சாரை எழுப்பினேன். நான் முன்னாலும் அவர் பின்னாலுமாகக் கல்முனைக்குப் போனோம். ஜவ்பரைப் பள்ளிவாசலில், தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் பிடித்தோம். மதியத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு மூவருமாகக் கடையைத் திறந்தோம்.

“உள்பக்கம் ஒன்பது வருசம்,” என்றேன்.

“தெரியும். மாட்டக்குள்ளயே கண்டன்.”

“ஏன் சொல்லல்ல?”

“வேன் டயர் போடுங்க என்டு சொன்னன்தானே. அதுக்கே கேக்கல்ல.”

அன்சாருக்கு மூன்று வயதான நாலு டயரைத் தேடி எடுத்துத் தந்தார். எனக்கு வேன் டயர். எழுத்து கறுப்பு, அழகு பூச்சியம். மாட்டும்போது ஒவ்வொன்றின் குறியீட்டையும் நான் குனிந்து வாசித்தேன். ஜவ்பர் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டார்.

மூன்று மணிக்கு மறுபரிசோதனை. இம்முறை பிரதீபனைப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு காருக்குப் பக்கத்திலும் சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தார். நல்ல பயிற்சி.

ஆளுக்கு மூன்று ஓட்டம். முதல் ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இரண்டாம் திருப்பத்தில் நான் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினேன்; கார் அதைக் கவனிக்காமல் நேரே போனது. மூன்று வாளி உருண்டது. மணல் கொட்டிய இடத்தில் பின்சக்கரமும் வழுக்கி, நான் வந்த வழியையே பார்த்தபடி நின்றேன். “சேர், வீடு அந்தப் பக்கம்,” என்றார் யாரோ.

காரை ஓரம் கட்டினேன். ஹாஜறா காலையில் என் பையில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி இரண்டு போட்டிருந்தாள். டயரின் தோளில், ரப்பர் பக்கச் சுவராக மடிகிற விளிம்பில், கோடு போட்டு ஓடினால், அது எவ்வளவு மடிகிறது என்று கோடு அழிந்த அளவில் தெரியும். இதை அவளுக்கு ஒருமுறை விளக்கியிருந்தேன். நாலு டயரிலும் கோடு போட்டு, தளத்தின் ஓரத்தில் இரண்டு வட்டம் அடித்து இறங்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூட அழியவில்லை. ஜவ்பர் வேனுக்கு அடிக்கிற காற்றை அப்படியே அடித்திருந்தார். என் கார் நாலு பந்தின் மேல் நின்றிருக்கிறது.

காற்றழுத்தத்தை நாற்பது இறாத்தலிலிருந்து இருபத்தெட்டாக இறக்கினேன்.

இரண்டாம் ஓட்டத்தில் கார் திரும்பியது. பிடித்தது என்று சொல்லமாட்டேன். முன்சக்கரம் முனகிக்கொண்டே வந்தது, ஆனால் வந்தது. மூன்றாம் திருப்பத்தில் வால் விலகியபோது கையை மாற்றிப் பிடிக்க நேரம் இருந்தது. வேன் டயர் எதையும் மெதுவாகத்தான் செய்யும், வழுக்குவதையும் மெதுவாகத்தான். கடைசி நேர்கோட்டில் காலை முழுதாக அழுத்தினேன். என் தொப்பி போனது. நின்று திரும்பிப் பார்த்தால் எல்லா வாளியும் இருந்த இடத்தில் இருந்தது.

பிரதீபன் நேரத்தை வாசித்தார். அன்சார் நாலாவது. நான் பதினொன்றில் பத்தாவது. பதினோராவது காருக்குக் கிளச் போய்விட்டது.

“இன்னும் ஒரு ஓட்டம் இரிக்கி,” என்றார் ஹாஜியார். “போதுமா சேர்?”

வெண்கட்டிக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். ஒரு விரல் அகலம் அழிந்திருந்தது. இன்னும் அரை விரலுக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு டயரிலும் இரண்டு இறாத்தல் காற்றை இறக்கிவிட்டு, காரை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.